கோடு புள்ளிகளால் ஆனதா?

1632-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10 அன்று, ரோமில் இயேசு சபையின் தணிக்கைக் குருக்கள் கூடி ஒரு தீர்ப்பு எழுதினார்கள். இடைவெளியில்லாமல் தொடர்ச்சியாக இருக்கும் எதுவும், மேற்கொண்டு பகுக்க முடியாத துணுக்குகள் சேர்ந்து உருவானது என்ற கருத்து அரிஸ்டாட்டிலின் போதனைக்கு முரணானது. சபையின் கல்விக்கூடங்களில் அதற்கு இடமில்லை. கலிலியோவின் புகழ்பெற்ற உரையாடல் நூல் வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். அவர்மீதான விசாரணை அடுத்த ஆண்டு நடந்தது. பூமி சுற்றுகிறதா என்ற அந்த வழக்கை உலகம் அறியும். கோடு புள்ளிகளால் ஆனதா என்ற இந்த வழக்கைப் பற்றிப் பேசுவோர் குறைவு. எனக்கோ இதுதான் ஆழமான வழக்கு என்று தோன்றுகிறது. பூமி விவகாரம் கருவிகள் மேம்பட மேம்படத் தீர்ந்துபோனது. இது அப்படித் தீரவில்லை.

சிக்கல் இதுதான். ஒரு சாண் நீளத்துக்கு ஒரு கோடு. அதில் எத்தனை புள்ளிகள்? எண்ணி முடிக்கக்கூடிய எண்ணிக்கை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு சதுரத்தின் பக்கத்தில் இத்தனை புள்ளி, மூலைவிட்டத்தில் இத்தனை புள்ளி என்று சொல்லிவிடலாம். இரண்டு நீளங்களும் முழு எண்களின் விகிதத்தில் அமைந்துவிடும். அமையவே அமையாது என்று பழைய கிரேக்கர்கள் கண்டுவிட்டார்கள். 2-இன் வர்க்கமூலம் விகிதமுறா எண் என்று நாம் பள்ளியில் படித்தது இதைத்தான். ஆகவே புள்ளிகளுக்கு முடிவில்லை. சரி, ஒவ்வொரு புள்ளிக்கும் துளியளவாவது நீளம் உண்டா? உண்டென்றால், முடிவில்லாத துளிகள் சேர்ந்து நம் ஒரு சாண் கோடு வானத்தைத் தாண்டிப் போக வேண்டும். இல்லையென்றால், சுழியோடு சுழியை எத்தனை முறை கூட்டினாலும் சுழிதான், கோடே இருக்கக்கூடாது. கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் கிரேக்கத் தத்துவவாதி செனோ வைத்த பொறி இந்த வகையைச் சேர்ந்தது.

அரிஸ்டாட்டில் பொறியில் கால் வைக்காமல் ஒதுங்கிப் போனார். கோட்டைப் பகுத்துக்கொண்டே போகலாம், அதற்கு முடிவில்லை. ஆனால் எந்தக் கட்டத்திலும் முடிவில்லாத துண்டுகள் கையில் இருப்பதில்லை. முடிவிலி என்பது செய்துகொண்டே இருக்கக்கூடிய ஒரு வேலை, கண்முன் நிற்கும் ஒரு பொருளாகாது. புள்ளிகள் அடுத்தடுத்து நின்று கோடாவதையும் அவர் மறுத்தார். பகுதியே இல்லாத ஒன்று இன்னொன்றைத் தொட்டால் முழுதும் முழுதையும்தான் தொடும். அப்போது இரண்டும் ஒரே இடத்தில் படிந்துவிடும், நீளம் பிறக்காது.

ஏறக்குறைய இதே வாதத்தைப் பல நூற்றாண்டுகள் கழித்துப் பௌத்த அறிஞர் வசுபந்து அணுவின்மீது ஏவினார். ஓரணுவை ஆறு திசையிலிருந்தும் ஆறு அணுக்கள் வந்து தொட்டால் அதற்கு ஆறு பக்கம் உண்டு. பக்கம் உள்ளதற்குப் பகுதியும் உண்டு. ஆறும் ஒரே இடத்தில் தொடுகின்றன என்றால் ஏழும் ஓரணுவின் இடத்தில் அடங்கிவிடும், எவ்வளவு சேர்த்தாலும் பொருள் பெருக்காது. இதிலிருந்து அவர் போன இடம் வேறு: வெளியே பொருள் என்று ஒன்றில்லை, எல்லாம் மனத்தின் தோற்றம். ஒரே வாதத்தை வைத்துக்கொண்டு ஒருவர் பொருளைத் தொடர்ச்சியானது என்கிறார், மற்றவர் பொருளையே இல்லை என்கிறார்.

இவ்வளவு கனமான தர்க்கத்துக்கு எதிரே துணிந்து நின்றவர் ஒரு துறவி. பொனவெந்துரா கவலியேரி, மிலானில் 1598-இல் பிறந்தவர். ஜெசுவாத்தி என்ற சிறிய துறவற சபையைச் சேர்ந்தவர். பெயர் ஏறக்குறைய ஒன்றுபோல ஒலித்தாலும் இயேசு சபைக்கும் அதற்கும் தொடர்பில்லை. கலிலியோவின் சிபாரிசோடு 1629-இல் பொலோனியாப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியரானார். அவருடைய பெருநூல், தணிக்கைக் குருக்களின் தீர்ப்புக்கு மூன்றே ஆண்டுகள் கழித்து 1635-இல் வந்தது. ஒரு தளத்தை இணைகோடுகளின் தொகுதியாகவும், ஒரு கனப்பொருளை இணைத்தளங்களின் தொகுதியாகவும் பாருங்கள் என்றார். துணி நூலிழைகளால் ஆவதுபோல, புத்தகம் தாள்களால் ஆவதுபோல என்பது அவரே பின்னாளில் சொன்ன உவமை. இழைக்கும் தாளுக்கும் தடிமன் உண்டு, இங்கே இல்லை என்று கூடவே சொல்லிவிட்டார். ஆனால் எதிரிகளின் நினைவில் நின்றது உவமை மட்டும்தான்.

முறையின் அழகைப் பார்க்க ஓர் எடுத்துக்காட்டு போதும். ஓர் அரைக்கோளத்தைத் தரையில் கவிழ்த்து வையுங்கள். அதைச் சரியாகச் சூழ்ந்து நிற்கும், அதே உயரமுள்ள ஓர் உருளை. உருளையிலிருந்து அரைக்கோளத்தை எடுத்துவிட்டால் சுற்றிலும் ஒரு மிச்சம் நிற்கும்; அடியில் கத்தி விளிம்பாக மெலிந்து, மேலே போகப் போகத் தடித்து. அதன் கன அளவு என்ன? பக்கத்திலேயே ஒரு கூம்பை, நுனி தரையில் பட, வாய் மேலே பார்க்க நிறுத்துங்கள். அதற்கும் உருளையின் உயரம்தான், உருளையின் ஆரம்தான். இப்போது ஏதேனும் ஓர் உயரத்தில் இரண்டையும் கிடையாக வெட்டுங்கள். மிச்சத்தில் ஒரு வளையம் கிடைக்கும், கூம்பில் ஒரு வட்டம் கிடைக்கும். பித்தாகரஸ் தேற்றத்தை ஒருமுறை போட்டுப் பார்த்தால் இரண்டின் பரப்பும் சமம். எந்த உயரத்தில் வெட்டினாலும் சமம். ஆகவே மிச்சமும் கூம்பும் கன அளவில் சமம். கூம்பு உருளையில் மூன்றில் ஒரு பங்கு. எனவே அரைக்கோளம் மூன்றில் இரண்டு பங்கு. பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்த கோளத்தின் சூத்திரம் இதற்குள் இருக்கிறது.

இதே அமைப்பைக் கையிலெடுத்து வயிற்றைக் கலக்கியவர் கலிலியோ. வீட்டுக்காவலில் இருந்தபோது எழுதி, 1638-இல் ஹாலந்தின் லெய்டனில் அச்சேறிய நூலில் அவர் கேட்டது இது: வெட்டும் தளத்தைக் கீழே இறக்கிக்கொண்டே வாருங்கள். வளையம் மெலிகிறது, வட்டம் சுருங்குகிறது, பரப்பு மட்டும் எப்போதும் சமம். தரையைத் தொடும்போது என்ன ஆகிறது? வளையம் ஒரு வட்டத்தின் வெறும் விளிம்பாகிறது. கூம்பின் வட்டம் ஒற்றைப் புள்ளியாகிறது. கடைசிவரை சமம் என்றால், முழு வட்டவிளிம்பும் ஒரு புள்ளியும் சமமா? விளிம்பு சாண் அளவாக இருந்தாலும் கடல் அளவாக இருந்தாலும் அதே ஒரு புள்ளிக்குத்தானா? அவர் இதற்கு விடை தேடி மெனக்கெடவில்லை. முடிவிலியும் பகாத்துணுக்கும் நம் வரம்புள்ள அறிவுக்கு எட்டாதவை, ஒன்று பெருமையால், மற்றது சிறுமையால் என்று நகர்ந்துவிடுகிறார். அதே நூலில்தான் இயல் எண்களுக்கும் அவற்றின் வர்க்கங்களுக்கும் ஒன்றுக்கு ஒன்று ஜோடி சேர்த்து, முடிவிலியில் பெரிது சிறிது சமம் என்ற சொற்களுக்கே இடமில்லை என்ற முடிவுக்கு வருகிறார்.

கவலியேரிக்கும் கலிலியோவுக்கும் தெரியாத ஒன்று: இந்தப் பாதையில் ஆர்க்கிமிடீஸ் ஏற்கெனவே நடந்திருந்தார். உருவங்களைத் துணுக்குக் கோடுகளாக அரிந்து, கற்பனைத் தராசில் நிறுத்து, விடையை முதலில் கண்டுபிடித்துக்கொண்டு, பிறகுதான் ஊரார் ஏற்கும் நிரூபணத்தை எழுதினார். அந்த ரகசியத்தைச் சொல்லும் நூலின் பத்தாம் நூற்றாண்டுப் பிரதி ஒன்று இருந்தது. 13-ஆம் நூற்றாண்டில் தோலிலிருந்த எழுத்தைச் சுரண்டிவிட்டு அதன்மேல் ஜெபங்களை எழுதிவிட்டார்கள். டென்மார்க்கின் ஹைபெர்க் 1906-இல் கான்ஸ்டாண்டிநோபிளில் அந்த ஜெபப் புத்தகத்தைப் பார்த்து, வரிகளுக்கு அடியில் இருந்த ஆர்க்கிமிடீஸைப் படித்தார். துறவிகளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை; தோல் விலை அதிகம், ஜெபம் தினமும் வேண்டும், அதைவிட அவர்கள் எழுதிய ஜெபம்தான் அந்தத் தோலை எறியாமல் காப்பாற்றியது.

கவலியேரி எச்சரிக்கையானவர். அவருக்குப் பத்து வயது இளையவரான டோரிசெல்லி அப்படியல்ல. முரண்பாடுகளைக் கண்டால் ஆர்வத்தோடு சேகரித்தார். பாரமானியோடு சேர்த்துப் பள்ளிப் புத்தகத்தில் நாம் சந்தித்த அதே டோரிசெல்லிதான். அவர் சேகரித்த ஒன்றைத் தாளில் வரைந்தே பார்க்கலாம். 2 அங்குல அகலம், 1 அங்குல உயரம் உள்ள ஒரு செவ்வகம். மூலைவிட்டம் போட்டால் சமமான இரண்டு முக்கோணங்கள். மூலைவிட்டத்தில் ஏதேனும் ஒரு புள்ளியை எடுத்து, அங்கிருந்து மேல் முக்கோணத்துக்குள் ஒரு கிடைக்கோடும், கீழ் முக்கோணத்துக்குள் ஒரு நிலைக்கோடும் இழுங்கள். கிடைக்கோடு நிலைக்கோட்டைப்போல் சரியாக இரண்டு மடங்கு. எந்தப் புள்ளியிலும் அப்படித்தான். மேல் முக்கோணம் கிடைக்கோடுகளின் தொகுதி, கீழ் முக்கோணம் நிலைக்கோடுகளின் தொகுதி, இரண்டிலும் கோடுகளின் எண்ணிக்கை ஒன்றே. அப்படியானால் மேல் முக்கோணம் கீழ் முக்கோணத்தைப்போல் இரு மடங்காக வேண்டாமா?

டோரிசெல்லி சொன்ன பதில் அந்நாளில் பலருக்கு நகைப்பாக இருந்திருக்கும்: கோடுகளுக்கும் தடிமன் உண்டு, எல்லாக் கோடுகளுக்கும் ஒரே தடிமன் இல்லை. இங்கே கிடைக்கோட்டின் தடிமன் நிலைக்கோட்டில் பாதி. இரு மடங்கு நீளம், பாதித் தடிமன், கணக்கு நேர். கல்லூரியில் தொகை நுண்கணிதம் படித்தவர்கள் தொகையீட்டுக் குறியின் கடைசியில் ஒட்டிக்கொண்டு நிற்கும் அந்தச் சிறு எழுத்தை நினைத்துக்கொள்ளலாம். அது எதற்கு என்று கேட்டு வாத்தியாரிடம் பதில் வராமல் போன மாணவர்கள் உண்டு. டோரிசெல்லியின் தடிமன்தான் அது.

அவருடைய இன்னொரு கண்டுபிடிப்பு ஐரோப்பாவையே திகைக்க வைத்தது. வாய் அகன்று, போகப் போக மெலிந்து, முடிவே இல்லாமல் நீளும் ஓர் எக்காளம். முடிவில்லாத நீளமுள்ள இதன் கன அளவுக்கு முடிவு உண்டு என்று 1644-இல் வெளியிட்டார். வாயின் ஆரம் 1 மீட்டர் என்று வைத்து, தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் ஆரம் பாதியாகும்படி அமைத்தால், எக்காளம் முழுவதற்கும் கன அளவு சுமார் 3.14 கன மீட்டர். அதாவது 3,142 லிட்டர் பெயிண்ட் ஊற்றினால் நிரம்பிவிடும். ஆனால் அதன் உட்புறப் பரப்புக்கோ முடிவில்லை. நிரப்பப் போதுமான பெயிண்ட், பூசப் போதாது! இந்த முரண்பாட்டைப் பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சொல்பவர்கள் ஒன்றைக் கணக்கிட மறந்துவிடுகிறார்கள். பெயிண்ட் என்பது மூலக்கூறுகளால் ஆனது. ஒரு நீர் மூலக்கூறின் குறுக்களவுக்கு எக்காளம் மெலியும் இடம் சுமார் 70 லட்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நிலவின் தூரத்தைப்போல் ஏறத்தாழ 18 மடங்கு. அதற்கப்பால் ஒரு மூலக்கூறும் நுழையாது. அதுவரைக்கும் உள்ள உட்பரப்பு எவ்வளவு? சுமார் 143 சதுர மீட்டர். நம் கணக்கில் 1,540 சதுர அடி, ஒரு மூன்று படுக்கையறை ஃபிளாட். முடிவில்லாத பரப்பு என்று பயமுறுத்தியது, நிஜப் பொருளைக் கொண்டுவந்து வைத்ததும் அவ்வளவுதான். வடிவியலின் முடிவிலியும் பொருளின் முடிவிலியும் பிரியும் இடம் இது. 17-ஆம் நூற்றாண்டில் அவற்றைப் பிரித்துப் பார்க்க யாருக்கும் வழி இருக்கவில்லை.

ரோமின் அச்சம் புரிய வேண்டுமானால் பிரிக்கப்படாத அந்த நிலையைத்தான் நினைக்க வேண்டும். 1551-இல் திரெந்து பொதுச்சங்கம், நற்கருணையில் அப்பமும் இரசமும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாகவே மாறிவிடுகின்றன என்று உறுதிப்படுத்தியது. அப்பத்தின் நிறமும் சுவையும் மணமும் அப்படியே இருக்கின்றனவே? பொருளின் உள்ளியல்பு வேறு, அதன்மேல் தங்கும் பண்புகள் வேறு. உள்ளியல்பு மாறுகிறது, பண்புகள் தங்குகின்றன என்ற அரிஸ்டாட்டில் வழிப் பிரிவினையைக் கொண்டுதான் இறையியலாளர்கள் இதை விளக்கினார்கள். அணுவாதம் இந்தப் பிரிவினையின் வேரில் கைவைக்கிறது. சுவை என்பது நாவில் துணுக்குகள் படுவதால் நமக்குள் எழும் உணர்வு மட்டுமே என்று கலிலியோ 1623-இல் எழுதியிருந்தார். அப்படியானால் அப்பத்தின் சுவை இருக்கிறவரை அப்பத்தின் துணுக்குகள் இருந்தாக வேண்டும். இதைக் குறிப்பிட்டே கலிலியோமீது பெயரில்லாத புகார் ஒன்று எழுந்தது. இத்தாலிய வரலாற்றாசிரியர் பியெத்ரோ ரெதொந்தி அந்தத் தாளை ஆவணக் காப்பகத்தில் கண்டெடுத்து, 1633 விசாரணையின் உண்மைக் காரணமே இதுதான் என்று 1983-இல் வாதிட்டார். பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் அந்த அளவுக்குப் போக மறுக்கிறார்கள். நானும் அவர்கள் பக்கம்தான். புகார் உண்மை, கவலை உண்மை, சதி மட்டும் கொஞ்சம் கூடுதல்.

அணுவும் ஆண்டவனும் பிறவிப் பகைவர்கள் என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடக்கூடாது. 10-ஆம் நூற்றாண்டு ஈராக்கில் அஷ்அரி வழி வந்த இஸ்லாமிய இறையியலாளர்கள் இறைவனின் வல்லமையை நிலைநாட்டவே அணுவைக் கையிலெடுத்தார்கள். அணுவின் பண்பு எதுவும் ஒரு கணத்துக்கு மேல் தங்காது. கணந்தோறும் இறைவனே புதிதாகப் படைக்கிறான். பஞ்சு எரிவது நெருப்பால் அன்று, இறைவனின் நாட்டத்தால் என்று கஸ்ஸாலி வாதிட்டது இந்த மரபில் வந்தது. நம் மணிமேகலையிலும் வஞ்சி நகரில் ஆசீவகர் ஒருவர் அணுக்களைப் பற்றிப் பாடம் நடத்துகிறார்: அவை புதிதாகத் தோன்றா, ஒன்று இன்னொன்றுக்குள் புகா, இரண்டாகப் பிளவா, தனியோர் அணுவைத் தெய்வக்கண் உடையவர் மட்டுமே காண்பர். அங்கே அணுக்கொள்கையே ஒரு சமயத்தின் போதனை.

ஐரோப்பாவிலும் அணிகள் நேராக இல்லை. முடிவிலியை ஆதரித்த கவலியேரி துறவி. 1655-இல் முடிவிலிக்கு இன்று நாம் எழுதும் படுத்த எட்டுக் குறியை அறிமுகப்படுத்திய ஆக்ஸ்போர்டு பேராசிரியர் ஜான் வாலிஸ் போதகர். அவரோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கு நின்று, டோரிசெல்லியின் எக்காளத்தைப் பைத்தியக்காரத்தனம் என்று ஏசிய தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸை ஊரே நாத்திகன் என்றது. இயேசு சபையின் குல்தீன் கவலியேரிக்கு எதிராக எழுதியதில் மதம் எட்டிப் பார்ப்பதே இல்லை. முடிவிலிக்கும் முடிவிலிக்கும் விகிதம் காண்பது எப்படி என்று கேட்டார். நியாயமான கேள்வி. அன்று யாரிடமும் பதில் இல்லை. கவலியேரியும் டோரிசெல்லியும் 1647-இல் சில வார இடைவெளியில் இறந்துபோனார்கள். 1651-இல் இயேசு சபை தன் பள்ளிகளில் விலக்கப்பட்ட கருத்துகள் 65 என்று ஒரு பட்டியலே போட்டது. பகாத்துணுக்குகளும் அதில் உண்டு.

தடையைத் தாண்டிக் கணக்கு ஓடியது. நியூட்டனும் லைப்னிட்ஸும் நுண்கணிதத்தைக் கட்டினார்கள்; கோள்களின் பாதையும் அலைகளின் ஓட்டமும் அதற்குப் பிடிபட்டன. அடித்தளம் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. 1734-இல் அயர்லாந்தின் ஆயர் பெர்க்லி அதைக் கிண்டலோடு சுட்டினார்: சுழியுமில்லாத, அளவுமில்லாத நுண்ணளவுகளை நம்பி விழுங்குகிற நீங்கள், சமய மறைபொருளை நம்பமுடியாது என்று எந்த முகத்தோடு சொல்கிறீர்கள்? கோட்டின் புள்ளிகள் பற்றிய பழைய கேள்விக்கு ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு கழித்துதான் சரியான பதில் வந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரில் ஜார்ஜ் கேன்டர், முடிவிலிகளிலும் சிறியது பெரியது உண்டு, கோட்டின் புள்ளிகள் இயல் எண்களைப்போல வரிசையில் நிறுத்த முடியாத பெரிய முடிவிலி என்று 1874-இல் நிறுவினார். மூன்று ஆண்டுகளில் இன்னொன்று: ஒரு கோட்டிலும் ஒரு சதுரத்திலும் புள்ளிகளின் எண்ணிக்கை ஒன்றே. கண்ணால் பார்த்தும் நம்ப முடியவில்லை என்று நண்பர் டெடெகிண்டுக்கு அவரே எழுதினார். புள்ளிகளை எண்ணி நீளத்தையோ பரப்பையோ பெற முடியாது என்பது இதனால் வெளிச்சமானது. நீளம் என்பது புள்ளிகளின் எண்ணிக்கையிலிருந்து வருவதில்லை. அதைத் தனியாக அளக்க வேண்டும். அதற்கான இலக்கணத்தைப் பிரெஞ்சுக் கணித அறிஞர் லெபேக் 1902-இல் எழுதினார். சுழிகளைக் கூட்டினால் சுழிதான் என்ற செனோவின் பொறி வரிசைப்படுத்தக்கூடிய முடிவிலிவரைதான் செல்லும். கோட்டின் புள்ளிகளிடம் அது பலிக்காது. கோடு புள்ளிகளால் ஆனது என்பதில் கவலியேரியின் கட்சி வென்றது. அவற்றைக் கூட்டி நீளம் பெற முடியாது என்பதில் குருக்களின் கட்சி வென்றது.

கேன்டரை வதைத்தவர்கள் பெரும்பாலும் கணித அறிஞர்கள்தான். அவர் ஆறுதல் தேடிப் போன இடம் கத்தோலிக்க இறையியல். இத்தனைக்கும் அவர் லுத்தரன். செயலில் முழுமையாக நிற்கும் முடிவிலி என்று ஒன்றை ஒப்புக்கொண்டால் அது கடவுளின் தனி உரிமையில் கைவைப்பதாகாதா என்ற கேள்விக்கு விடை வேண்டி, 1886-இல் ரோமிலிருந்த கர்தினால் பிரான்சலினுக்குக் கடிதம் எழுதினார். உலகையும் கடவுளையும் ஒன்றாக்கிவிடுவீர்களோ என்று கர்தினால் முதலில் அஞ்சினார். மேலும் கூட்டிப் பெருக்கக்கூடிய, படைக்கப்பட்ட முடிவிலி வேறு. எதனாலும் பெருக்க முடியாத கடவுளின் முழுமை வேறு என்று கேன்டர் பிரித்துக் காட்டினார். அப்படியென்றால் இதில் சமய உண்மைக்கு ஆபத்தில்லை என்று பதில் வந்தது. பிரான்சலின் எந்தச் சபையைச் சேர்ந்தவர் தெரியுமா? இயேசு சபை.

பொருளின் கதை வேறு வழியில் போயிற்று. 1908 முதல் பாரிஸில் ழான் பெரின், நீரில் மிதக்கும் நுண்ணிய பிசின் மணிகள் எந்த உயரத்தில் எத்தனை நிற்கின்றன என்று நுண்ணோக்கியில் எண்ணி, அணுக்கள் இல்லாமல் இந்தக் கணக்கு வராது என்று காட்டினார். தெய்வக்கண் தேவைப்படவில்லை, பொறுமை தேவைப்பட்டது. 1926-இல் நோபல் பரிசு. பிறகு அணுவும் பிளந்தது, அதன் கருவும் பிளந்தது. எலெக்ட்ரான் மட்டும் இதுவரை பிளக்கவில்லை. மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கை எடுத்து, அதிலும் நூறு கோடியில் ஒரு பங்கு அளவுக்குத் துருவிப் பார்த்தும் அதற்குள் எதுவும் தென்படவில்லை. இயற்பியலின் சமன்பாடுகள் அதை அளவே இல்லாத புள்ளியாக எடுத்துக்கொள்கின்றன. புள்ளி என்றதும் பழைய தொல்லை திரும்பி வந்தது: அதன் மின்புலத்தின் ஆற்றலைக் கணக்கிட்டால் முடிவிலி. அதை வெட்டிக் கழிக்கும் முறையை 1940-களில் வகுத்த டோமோனாகா, ஷ்விங்கர், ஃபைன்மேன் மூவரும் 1965-இல் நோபல் பெற்றார்கள். கணக்கு அபாரமாகப் பொருந்துகிறது. அது கொஞ்சம் தில்லுமுல்லு என்று ஃபைன்மேனே கடைசிவரை முணுமுணுத்தார்.

மிஞ்சியிருப்பது வெளி. பொருள் இருக்கும் இந்த இடமாவது தொடர்ச்சியானதா, அல்லது அதற்கும் மணிமணியான அடித்துணுக்குகள் உண்டா? அப்படியிருந்தால் அதன் அளவு, புரோட்டானின் குறுக்களவை லட்சம் கோடியில் ஒரு பங்காக்கி, அதை மீண்டும் பத்துக் கோடியில் ஒரு பங்காக்கினால் வரும் அளவுக்கு அருகே இருக்கும் என்பது எதிர்பார்ப்பு. பிளாங்க் நீளம் என்பார்கள். எந்த இயந்திரமும் அங்கே எட்டாது. ஆனால் வெளி மணிமணியாக இருந்தால், அதிக ஆற்றலுள்ள ஒளி அதில் இடறி, துளி தாமதமாக வரலாம் என்று சில கொள்கைகள் சொல்லின. 2009 மே மாதம் ஃபெர்மி விண்தொலைநோக்கி ஒரு காமாக் கதிர் வெடிப்பைப் பிடித்தது. அந்த ஒளி 730 கோடி ஆண்டுகள் பயணம் செய்து வந்தது. அதில் ஒரேயொரு ஒளித்துகள், கண்ணுக்குத் தெரியும் ஒளியைவிடப் பல நூறு கோடி மடங்கு ஆற்றலோடு, வெடிப்பு தொடங்கிய ஒரு நொடிக்குள் வந்து சேர்ந்துவிட்டது. ஆற்றலுக்கு நேர்விகிதத்தில் தாமதம் என்று சொன்ன கொள்கைகள் அன்றோடு பெரும் நெருக்கடிக்கு உள்ளாயின. ஆற்றலின் வர்க்கத்துக்கேற்பத் தாமதம் என்று சொல்பவை, அந்த ஒற்றைத் துகளால் தொட முடியாத தூரத்தில் இன்னும் நிற்கின்றன.